பொட்டு வைத்த ரம்பம்

அறுத்துக்கொண்டிருந்த கட்டை எகிறி வந்து என் வீட்டுக்காரர் வயிற்றில் அடித்தபோது, முதலாளி நாச்சியப்பன் கேட்ட முதல் கேள்வி, “கட்டை உடைஞ்சிருச்சா?” என்பதுதான்.

கட்டையாம், கட்டை! வலையபட்டியில் ஹோட்டலாக மாற்றுகிற பழைய வீட்டுக்குப் போகும் தேக்கு ஜன்னல் சட்டம். அது உடைந்தால் முதலாளிக்கு வலிக்கும். மனுஷன் வயிறு உடைந்தால் என்ன? கோவிலூர் போகிற வழியில் உள்ள முதலாளியின் மரப்பட்டறையில் என் வீட்டுக்காரர் அழகுசுந்தரம் மேஜை ரம்பத்தில் அறுக்கிறார், நான் பாலிஷ் போடுகிறேன்.

எல்லாம் ஆயுத பூஜையன்று ஆரம்பித்த வினை. மேஜை நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற ரம்பத்துக்கு மேலே ஒரு மூடி உண்டு. அதோடு சேர்ந்தாற்போல, அறுபட்ட கட்டை ரம்பத்தைக் கவ்வி எகிறாமல் பிரித்துவிட ஒரு தகடும் உண்டு. சந்தனம் குங்குமம் வைக்க வேண்டுமென்று முதலாளியே இரண்டையும் கழற்றினார். பொட்டு வைத்தார், மாலை போட்டார், பூசணிக்காய் உடைத்தார். யார் வேண்டாமென்றது? திரும்ப மாட்டப் போன என் வீட்டுக்காரரைத்தான் தடுத்துவிட்டார். “பொட்டு வச்சதை மூடாதப்பா, தொழிலுக்கு ஆகாது” என்றார். முதல் கட்டை அறுத்ததுமே பொட்டு மரத்தூளோடு பறந்துவிட்டது. மூடி மட்டும் திரும்பவில்லை. அது இல்லாவிட்டால் வேலை சட்டென்று ஓடுகிறதென்று முதலாளி கண்டுகொண்டார், அவ்வளவுதான். இவரோ வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல இருந்துவிட்டார். எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

அடிபட்டவர் வயிற்றைத் தடவிக்கொண்டே அடுத்த சட்டத்தை எடுத்தார். ஒல்லிச் சட்டம். விரல் ரம்பத்துக்குப் போகாமல் தள்ளுகிற தள்ளுகட்டை பக்கத்திலேயே கிடந்தும் வெறும் கையால் தள்ளினார். கட்டைவிரலுக்கும் ரம்பத்துக்கும் நடுவே ஒரு தீப்பெட்டிகூட நுழையாது. கத்தினால் திரும்பிப் பார்ப்பார், கை போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அறுத்து முடித்து, அவர் பொத்தானை அழுத்தி, ரம்பம் சுற்றி ஓய்ந்த பிறகு போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

“ஏ ரேணுகா, என்ன பண்ற? போ அங்குட்டு” என்றார்.

“எங்க போக? ஆஸ்பத்திரிக்கா? மூடிய மாட்டிட்டு அறுங்க.”

முதலாளி எழுந்து வந்தார். “ஏம்மா, பூஜை போட்ட மிஷினு. ஒண்ணும் செய்யாது.”

“ரம்பத்துக்குப் பூஜை போட்டீக. இவுக கைக்கு யாரு போடுறது? நீங்க வந்து ஒரு சட்டம் தள்ளுங்க பாப்போம்!”

அவர் முகம் சிவந்துவிட்டது. “அழகு, நாளைக்கு ஜன்னல் போகணும். ஒனக்கு முடியலேன்னா சொல்லு, வேற ஆள் இருக்கு.”

இவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் விறுவிறுவென்று பட்டறை மூலையில் இருந்த சாமி படத்தடிக்குப் போனேன். மூடி அங்கேதான் மல்லாக்கக் கிடந்தது, தகடும் அதோடுதான். உள்ளே பூஜையில் மிஞ்சிய பொரிகடலை, எறும்பு மொய்த்துக்கொண்டு. என் புருஷன் கையைக் காக்க வேண்டியது பொரித்தட்டாகிக் கிடக்கிறது! அப்படியே வாசலில் கொட்டினேன்.

“சாமிக்கு வச்சதும்மா!” என்று அலறினார் முதலாளி.

திரும்பி வந்து ரம்பத்துக்கு முன்னால் நின்றேன். ஒரு கையில் பிளக், ஒரு கையில் மூடி. அழகுசுந்தரம் முதலாளியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மூடியை வாங்கக் கையை நீட்டினார். மரத்தூள் அப்பிய ஐந்து விரலும் என் முகத்துக்கு முன்னால் விரிந்து நின்றன.