எழுந்திருங்க என்று சொல்ல ஒருத்தி

மனிதவள மேலாளர் நடேசன் ஏதோ ஒரு மலைமேல் பத்து நாள் வாய் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். போன மனிதர் வேறு, வந்த மனிதர் வேறு. முன்பெல்லாம் லைனில் நின்று காட்டுக்கத்தல் கத்துவார். இப்போது சிரித்துக்கொண்டே மெமோ கொடுத்தார். அந்தக் கத்தலே தேவலை என்று ஒரகடம் ஆலையில் வேலை பார்த்த பெண்பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

வந்த கையோடு புத்தரையும் ஆலைக்குள் கூட்டிவந்துவிட்டார். காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து அனுப்புகிற ஆலை அது. முதல் ஷிஃப்ட் தொடங்குமுன் எல்லோரும் லைன் ஓரமாகத் தரையில் சம்மணம் போட்டு, கண்ணை மூடி மூச்சைப் பார்க்க வேண்டும். அதற்காகக் கம்பெனி பஸ் இருட்டோடு வந்து ஹாரன் அடித்தது. அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. "இது மதம் இல்ல, சாமி இல்ல, சயின்ஸ்" என்றார் நடேசன். ஆனால் சுவரில் ஆள் உயரத்துக்குக் கண்மூடிய புத்தர் படம் மாட்டினார். சட்டமும் போட்டார். மைக்கில் சொல்கிறவள் "எழுந்திருங்க" என்று சொல்லும்வரை ஒருவரும் எழக்கூடாது. தியானத்தில் இருப்பவரைத் தொடக்கூடாது, கூப்பிடக்கூடாது. மீறினால் மெமோ.

மைக்கில் சொல்கிறவள் பூமாரி. சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. குரல் நன்றாக இருக்கிறதென்று நடேசனே பொறுக்கி எடுத்தார். அவளுக்குத் தெரிந்த சாமியெல்லாம் கையில் அரிவாளோடு நிற்கிற சாமி. கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரை அவள் இங்கேதான் பார்த்தாள். இருந்தாலும், எழுதிக் கொடுத்ததைத் தப்பில்லாமல் சொன்னாள். "வர்றத வரவிடுங்க. எதையும் மாத்த நினைக்காதீங்க." மைக் பிடித்த பிறகுதான் அவளை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு அடிபட்டது. வருஷக்கணக்காக ஒப்பந்தத்திலேயே ஓட்டியவளுக்கு அது லேசுப்பட்ட விஷயமா?

அந்த நேரம் பார்த்துத்தான் கவியாவின் விவகாரம் வந்து விழுந்தது. கவியா அவளுடைய ஊர்க்காரி. சுங்குவார்சத்திரத்தில் இருவருக்கும் ஒரே அறை. இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்க்கவைத்த அன்று, நின்றபடியே கண் சொருகி, ஒரு வயரை மாற்றிச் செருகிவிட்டாள். நடேசன் கத்தவில்லை. "உனக்கு விழிப்புணர்வு இல்லைம்மா. காலைல மூச்ச ஒழுங்கா கவனிச்சிருந்தா தூக்கம் வந்திருக்காது" என்று கனிவாகச் சொல்லி வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

கேன்டீனில் எழிலரசன் பூமாரிக்கு எதிரே தட்டை வைத்தான். மெஷின் பழுது பார்ப்பவன், பென்னலூர்க்காரன். அப்பா காலத்திலேயே பௌத்தத்துக்கு மாறிய குடும்பம்.

"எங்க வூட்லயும் புத்தர் கீறாரு பூமாரி. அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்துல, கண்ண நல்லா தொறந்துகினு கீறாரு. யார் சொன்னாலும் ஏன்னு கேளுன்னு சொன்னவரு அவரு. இவுங்க இன்னாடான்னா அவர தூங்க வெச்சி, நம்மளயும் தூங்க சொல்றாங்க."

"அதுக்கு என்ன செய்யச் சொல்லுதீய எழிலண்ணே?"

"ஸ்ட்ரைக்குன்னா வெளிய தள்ளிடுவாங்க. உக்காருன்னு சொன்னது அவங்கதான? நாளைக்கு நீ எழுந்திருங்கன்னு சொல்லாத. கவியாவ உள்ள எடுக்கற வரிக்கும் சொல்லாத. அவ்ளோதான்."

பூமாரி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் சோற்றைப் பிசைந்து முடிப்பதற்குள் செய்தி மேஜைக்கு மேஜை போய்விட்டது.

மறுநாள் பஸ் ஏறும்போது, வழியனுப்ப வந்த கவியா அவள் கையைப் பிடித்தாள். "ஏட்டி, எனக்காவ ஒன் வேலைய கெடுத்துக்கிடாத."

"சும்மா கெட" என்றாள் பூமாரி. கையை விடுவித்துக்கொண்டு ஏறினாள்.

அன்றும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மூச்சு பார்த்தார்கள். நேரம் வந்ததும் அவள் சொன்னாள்: "கண்ணைத் திறங்க."

திறந்தார்கள். அடுத்து பூமாரி "எழுந்திருங்க" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிடலாம், ஒன்றும் கெட்டுப்போகாது என்றுதான் ஒரு மனம் அடித்துக்கொண்டது. ஆனால் அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவியா நின்று வேலை செய்த இடம் காலியாகக் கிடந்தது. அவள் சொல்லவில்லை.

நடேசன் முதலில் சிரித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். இருங்காட்டுக்கோட்டைக் கார் ஆலைக்குச் சரக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் அங்கே கார் லைனே நின்றுவிடும், பிறகு இவர் தலைதான் உருளும். அத்தனை ஜோடிக் கண்களும் இமைக்காமல் அவர்மேல் திரும்பின. அவருக்கு வேர்த்தது.

குனிந்து பூமாரியின் காதோடு சொன்னார்: "உன் பர்மனென்ட் ஆர்டர் என் டேபிள்ல ரெடியா இருக்கு. ஒரு வார்த்தை சொல்லும்மா."

அவள் சட்டைக் காலரில் குத்தியிருந்த மைக்கை மனிதர் மறந்துவிட்டார். அவர் கிசுகிசுத்தது ஷெட் முழுக்கக் கேட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பூமாரிக்குச் சிரிப்பு வரவில்லை. வருஷக்கணக்காகக் காத்திருந்த ஆர்டர். அது கையெட்டும் தூரத்தில் இருந்தது.

"அப்ப கவியா, சார்?" என்றாள். அதுவும் ஷெட் முழுக்கக் கேட்டது.

"எந்திரிங்கடி எல்லாம்!"

பழைய நடேசன் திரும்பி வந்துவிட்டார். மலை, மூச்சு, பத்து நாள் எல்லாம் போயே போய்விட்டன. ஒருத்திகூட அசையவில்லை. கடைசி வரிசையிலிருந்து எழிலரசனின் குரல் வந்தது.

"சார், தியானத்துல கீறவங்கள கூப்புடக் கூடாது. மெமோ."

லாரி மறுபடி அலறியது. நடேசனின் பையில் போன் அடித்தது, ஓய்ந்தது, மறுபடி அடித்தது. பூமாரிக்குத் தொடைக்குக் கீழே கால் இருப்பதே தெரியவில்லை. பக்கத்தில் ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். இன்னும் கொஞ்ச நேரம் போனால் நானே சொல்லிவிடுவேன் என்று பூமாரி பயந்தாள். சத்தியமாகப் பயந்தாள்.

போனை எடுத்துக் கேட்ட நடேசனின் முகம் வெளுத்துப்போயிற்று. "சரி. அந்தப் பொண்ணு நாளைக்கு வரட்டும்" என்றார்.

"எழுந்திருங்க" என்றாள் பூமாரி.

எழுந்திருக்கத்தான் முடியவில்லை. மரத்த காலோடு ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து, தோளைப் பிடித்து, சிரித்தும் அழுதும் எப்படியோ லைனில் போய் நின்றார்கள்.

மறுநாள் காலை கேட்டில் கவியாவின் அடையாள அட்டை வேலை செய்தது. பூமாரியின் அட்டைக்குச் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

"உன் காண்ட்ராக்ட் முடிஞ்சிபோச்சாம் மா" என்றார் காவலாளி கன்னியப்பன், அவள் முகத்தைப் பார்க்காமல். "இன்னொண்ணு கேளு. இன்னிலேர்ந்து நின்னுகினேதான் தியானமாம். உக்காரக் கூடாதாம்."

கவியா உள்ளே போகமாட்டேன் என்று நின்றாள். பூமாரி அவளைப் பிடித்துத் தள்ளினாள். "போட்டி உள்ள. நீயும் வெளிய நின்னா நேத்து பட்ட பாடெல்லாம் எதுக்கு?"

கவியா போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒலிபெருக்கி உயிர்பெற்றது. யார் குரல் என்று காதைத் தீட்டிய பூமாரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் குரலேதான். வேறு யூனிட்டுக்கு அனுப்ப என்று நடேசன் எப்போதோ பதிந்து வைத்திருக்கிறார்.

"வர்றத வரவிடுங்க. எதையும் மாத்த நினைக்காதீங்க."

ஆளைத் துரத்திவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொண்டார்களே என்று அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கேட்டை உதைக்கலாம் போலிருந்தது. தன் வாயாலேயே தன் தோழிகளுக்கு இதைச் சொல்லவேண்டியிருக்கிறதே என்று அவமானமாகவும் இருந்தது.

"கண்ணைத் திறங்க" என்றது அவள் குரல். "எழுந்திருங்க."

நின்றுகொண்டிருப்பவர்களைப் பார்த்து எழுந்திருங்களாம். கன்னியப்பனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அடுத்து ஓடவேண்டிய லைன் ஓடவில்லை. அவர் ஷெட் பக்கம் பார்த்தார். அவருடைய வாக்கிடாக்கி கரகரத்தது. நடேசன் கத்தினார்.

"கன்னியப்பன்! எல்லாம் கீழ உக்காந்துட்டாளுங்க. அந்தப் பூமாரி போயிட்டாளா? இருந்தா உடனே உள்ள அனுப்பு. அவளே நேர்ல வந்து சொன்னாத்தான் எழுந்திருப்பாளுங்களாம்!"

கன்னியப்பன் திரும்பிப் பார்த்தார். பூமாரி கேட்டுக்கு நேராக, லாரி வந்து போகிற வழியில், துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு சம்மணம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இங்கதான் கீது சார்" என்றார். "ஆனா இதுவும் உக்காந்துகிச்சி."