சரிவுக்கு ஏற்ற சங்கிலி

வெஸ் சரக்குக் கப்பலில் சமையல்காரன். அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரி உறைந்து கப்பல்கள் நின்ற பிறகுதான் வீட்டுக்கு வருவான். அதுவரை, மேட்டு வீட்டிலிருந்து சாலைக்கு இறங்கும் பாதையில் பனி தள்ளுவது அவன் மனைவி மார்லிஸின் பாடு. இத்தனை வருஷம் கொழுந்தன் டுவேன் தள்ளிக் கொடுத்தான். ஆனால் அவன் வந்து சேர்வதற்குள் மதியமாகிவிடும். மார்லிஸோ பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்; விடியும்போதே சாலையில் இருக்க வேண்டும். பொறுத்துப் பார்த்துவிட்டு, இந்த வருஷம் சின்னதாக ஒரு டிராக்டரை அவளே வாங்கிவிட்டாள்.

நவம்பரில், பனியில் வழுக்காமலிருக்க டயர்மேல் மாட்டும் சங்கிலி வாங்க டயர் கடைக்குக் கிளம்பியபோது டுவேனும் தொற்றிக்கொண்டான்.

"அண்ணி, வண்டியோட வந்த அந்தப் புல்வெளி டயரைக் கழட்டிக் கடாசுங்க. என்னோடது மாதிரி வயல் டயர் போடுங்க. டயர்ல துருத்திட்டிருக்கிற பட்டன் ஒவ்வொண்ணும் கை தண்டி. பார்த்தாலே பனி பயந்து ஓடும்."

"அப்புறம் ஏன் வருஷா வருஷம் என் பாதை வளைவுல உன் வண்டி குறுக்கால திரும்பி நிக்குது?"

"அது காத்து, அண்ணி."

"ஆமா, காத்து தூக்கிட்டுப் போற எடை பாரு நீ!"

கடைக்காரர் வெர்ல் வாய்விட்டுச் சிரித்தார். மார்லிஸ் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். புதுப் பனியை வயல் டயர் நன்றாகக் கடிக்கும். ஆனால் அவள் பாதையில் கார் ஏறி இறங்கிப் பனி கண்ணாடியாக இறுகிவிடும். அதில் பெரிய பட்டன்களின் நுனி மட்டும்தான் பதியும். நெருக்கமான சின்னப் பட்டன் உள்ள புல்வெளி டயரே அகலமாக உட்காரும்; மேலே நல்ல சங்கிலி இருந்தால் போதும்.

"ஏணி மாதிரிச் சங்கிலி வேணாம். நேரா ஏறும்போது பிடிக்கும், பக்கவாட்டுல வழுக்கினா கைவிட்டுடும். வலை மாதிரிப் பின்னினது குடுங்க."

"மட்கார்டுல உரசுமே?" என்றார் வெர்ல்.

"சக்கரத்தை வெளியே தள்ளுற வளையமும் சேர்த்துக் குடுங்க."

பனி தள்ளிய முதல் நாளே சங்கிலி தளர்ந்து மட்கார்டில் அடித்து ஒரு பள்ளமே விழுந்தது. மார்லிஸ் திட்டிக்கொண்டே இறங்கி இறுக்கினாள். கொஞ்சதூரம் ஓட்டி, மறுபடி இறுக்கினாள். அதன்பிறகு சத்தமில்லை.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை தொடையளவு பனி கொட்டியது. மேலிருந்து பாதிப் பாதை தள்ளியிருந்தபோது போன் அடித்தது.

"அண்ணி, காபி இருக்கா?"

"எங்கடா இருக்க?"

"உங்க வளைவுக்குக் கீழ. பள்ளத்துல."

உதவிக்கு வந்தவன்தான். வயல் டயருக்கு ஏணிச் சங்கிலி மாட்டியிருந்தான். குறுக்குச் சங்கிலியெல்லாம் பட்டன்களின் இடுக்கில் விழுந்து, தரையையே தொடவில்லை.

மார்லிஸ் டிராக்டரிலேயே சரிவில் இறங்கினாள். வளைவில் வண்டியின் பின்புறம் லேசாக நகர்ந்தது. அவள் வேகத்தைக் குறைத்தாள். மறுகணமே சங்கிலி கடித்து நின்றது. அவள் அதற்கப்புறம் தயங்கவில்லை. இழுவைக் கயிற்றை மாட்டி, நிதானமாக மேல்நோக்கி இழுத்தாள். டுவேனின் டிராக்டர் முனகிக்கொண்டே பாதைக்கு வந்தது.

டுவேன் தொப்பியைக் கழற்றிப் பனியைத் தட்டினான்.

"அண்ணங்கிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்டா. நீ பள்ளத்துல கிடக்கும்போதே போட்டோ எடுத்து அனுப்பிட்டேன்."

அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். மார்லிஸ் வண்டியைத் திருப்பினாள். கீழே இன்னும் பாதிப் பாதை மிச்சமிருந்தது.