ஒன்பதாவது வீடு

"கடைசி அஞ்சு நாளைக்குள்ள எந்தெந்த வீட்டுக்குப் போனீங்க, பாஸ்டர்? ஒண்டையும் மறைக்காமச் சொல்லுங்க" என்று படலைக்கு வெளியே நின்று கேட்டார் இஹ்ஸான். சாய்ந்தமருதுக்காரர், அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பான பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்.

பாஸ்டர் குணம் இரண்டு முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். காலையில்தான் அவருக்குக் கொரோனா என்று முடிவு வந்திருந்தது. எட்டு வீட்டுப் பெயர்களை மளமளவென்று சொன்னார். ஒன்பதாவது பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது.

"அவ்வளவுதானா?"

"ஓம், அவ்வளவுதான்."

ஊரடங்கில் நடமாட அவருக்குப் பாஸ் கொடுத்ததே உலருணவுப் பொதி பகிரத்தான். பொதியைப் படலையில் வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். மனுசன் கேட்டாரா? அரிசியையும் பருப்பையும் சாட்டாக வைத்து உள்ளே போனார். நெற்றியில் எண்ணெய் பூசி, தலையில் கை வைத்து, உருகி உருகி ஜெபித்தார். கை வைக்காத ஜெபம் அவருக்கு ஜெபமே இல்லை. ஒரு மீற்றர் தள்ளி நின்றால் ஆண்டவருக்குக் கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ.

எட்டும் கல்முனையில் பழைய சபையார் வீடுகள். ஒன்பதாவது பாண்டிருப்பில், கோயில் வண்ணக்கர் கனகரெத்தினத்தின் வீடு. கோயிலை நிர்வகிக்கிறவரின் மனைவி பூமணி, ஒருவருக்கும் தெரியாமல் ஒன்றரை வருசமாக இயேசுவை நம்பிவந்தாள். புருசன் கோயிலுக்கும் மகள் சுஜித்தா தான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கும் போன பிறகு, குசினியில் நின்றபடி தலையைக் குனிந்து கொடுப்பாள்.

"இவருக்குத் தெரிஞ்சா என்ன வீட்ட வெக்க மாட்டார், பாஸ்டர். ஒத்தரிட்டயும் சொல்லிராதீங்க" என்று ஒவ்வொரு தரமும் கெஞ்சுவாள். சொல்ல மாட்டேன் என்று அவரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த வாக்குக்காகத்தான் பெயரை விழுங்கினேன் என்று குணம் தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். அதில் பாதிதான் உண்மை. ஐந்து வருசம் வெயிலிலும் மழையிலும் அலைந்து பாண்டிருப்பில் அவர் சேர்த்த ஒரே ஆத்துமா அவள். விசயம் வெளியே வந்தால் அவளும் கைவிட்டுப் போவாள். சோற்றைக் காட்டிச் சமயம் மாற்றுகிறான் என்று ஊரும் திரண்டு வரும். இரண்டுக்கும் பயந்தார்.

அன்று பின்னேரம் அவளுக்குப் போன் எடுத்தார்.

"லேசான காய்ச்சல்தான், பாஸ்டர். கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சன்."

"எனக்கு வந்திருக்கக்கா. நீங்களும் சோதிச்சுப் பாத்தா நல்லம்."

"ஆரிட்ட இருந்து வந்த எண்டு கேப்பாங்களே. நான் என்னத்தச் சொல்ற?"

கடைக்குப் போனேன் என்று சொல்லச் சொல்லியிருக்கலாம். ஆனால் விசுவாசிக்குப் பொய் சொல்லிக் கொடுப்பதா என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது. காலையில் தான் சொன்ன பொய்யை அதற்குள் மறந்துபோனார், பாவி.

"பயப்படாதீங்க, ஜெபிப்பம். கட்டாயம் சுகம் வரும்" என்றார். போனிலேயே கால் மணித்தியாலம் ஜெபித்தார். அவள் வரிக்கு வரி ஆமென் சொன்னாள்.

மூன்றாம் நாள் போனைச் சுஜித்தா எடுத்தாள். பூமணி அவருடைய நம்பரை மீன்காரர் என்று பதிந்து வைத்திருக்க வேண்டும்.

"மீன் வேணாம், அண்ணன். அம்மாக்கு மூச்செடுக்க ஏலாமக் கிடக்கு. ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டன் எண்டு நிக்கிறா."

நான் பாஸ்டர், எனக்கு வந்த நோய்தான் இது, உடனே கொண்டு போங்கள் என்று சொல்லியிருந்தால் போதும். "சரி, தங்கச்சி" என்று மீன்காரனாகவே போனை வைத்தார். அன்று முழுக்க முழங்காலில் கிடந்தார். அடுத்த நாள் காலையில்தான் தைரியம் வந்து இஹ்ஸானை அழைத்துப் பெயரைச் சொன்னார்.

"அவங்க நேத்துப் பின்னேரம் மௌத்தாகிட்டாங்க, பாஸ்டர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே உசிர் போயிட்டு." இஹ்ஸான் குரலை உயர்த்தவில்லை. "நீங்க தந்த எட்டு வீட்டயும் சோதிச்சம். மூணு பேர நேரத்தோட ஆஸ்பத்திரியில சேத்தம். மூணு பேரும் தேறி வாறாங்க."

இஹ்ஸான் அதோடு நிறுத்தவில்லை.

"மகள்தான் மருந்துக்கடையில இருந்து நோயக் கொண்டு வந்து தாயச் சாகடிச்சிட்டா எண்டு வண்ணக்கர் ஏசிட்டிருக்கார். அந்தப் புள்ள நேத்துல இருந்து தண்ணியும் குடிக்கல்ல. நீங்களே சொல்லுங்க, பாஸ்டர். நான் சொன்னாச் சரிவராது."

குணம் பூமணியின் நம்பருக்கே போன் எடுத்துச் சுஜித்தாவிடம் சொன்னார். எண்ணெய் பூசியதையும் கை வைத்ததையும், பட்டியலில் பெயரை விட்டதையும், நேற்றுப் போனை வைத்ததையும் ஒன்று விடாமல் சொன்னார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவள் கத்த வேண்டும், சாபம் போட வேண்டும் என்று மனம் ஏங்கியது.

சுஜித்தா கத்தவில்லை.

"வேனில ஏத்தக்குள்ள அம்மாட கையப் பிடிச்சிக் கேட்டன், வீட்ட ஆர் வந்த எண்டு. ஒத்தரும் வரல்ல எண்டா. சுகம் வரும், சுகம் வரும் எண்டு சொல்லிட்டே கிடந்தா. ஆர் சொன்ன எண்டு கேட்டன். அதுக்கும் வாய் திறக்கல்ல" என்றாள். "கடைசி மூச்சு வரைக்கும் உங்களக் காட்டிக் குடுக்கல்ல அவ."