பச்சை பூத்த போர்டு

வசந்தகுமாருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. கரை மறைந்ததும் வாந்தி ஆரம்பித்துவிடும். முப்பத்து மூன்று வயதிலும் நாகப்பட்டினத்தில் அப்பாவின் ஃபைபர் படகில் போய்க்கொண்டிருந்ததற்குக் காரணம், எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவுக்கு வேறு பிழைப்பு அமையாததுதான்.

ஒருநாள் அமைவது போல இருந்தது. வேளாங்கண்ணி சாலையில் விடுதி நடத்தும் இப்ராஹிம், பழைய காலத்து வீடியோ கேம் பெட்டிகள் பன்னிரண்டை வாங்கி வரிசையாக நிறுத்தியிருந்தார். காசு போட்டு நின்றுகொண்டே விளையாடுகிற, ஆள் உயரப் பெட்டிகள். ஒன்றுகூட ஓடவில்லை.

"ஒரிஜினல் போர்டு போட்டு ஒண்ணை மட்டும் ஓட்டிக் காட்டுங்க தம்பி. அப்புறம் பன்னண்டையும் பாத்துக்கிற வேலை உங்களுக்குத்தான். மாசச் சம்பளம்" என்றார்.

பெட்டிக்குள் கேமை ஓட்டும் அந்தச் சர்க்யூட் போர்டை ஐந்து மாதம் தேடினான். டெல்லி வியாபாரி ஒருவன் அனுப்பியது வேறு கேமின் போர்டு. கடைசியில் மும்பையில், மூடிப்போன கேம் சென்டர் ஒன்றின் குடோனில் கிடைத்தது.

பார்சல் வந்த அன்று அவன் காரைக்காலில் இருந்தான். அப்பா காயாரோகணம்தான் பிரித்தார். போர்டெங்கும் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. கடல் தண்ணீர் பட்ட எஞ்சின் சாமானுக்கு என்ன செய்வாரோ, அதையே செய்தார். நல்ல தண்ணீரில் அலசினார். டீசலில் ஊறவைத்தார். பிறகு கம்பி பிரஷ். மகன் திரும்பியதும் எடுத்து நீட்டினார்.

"எப்படி மின்னுது பாரு! களிம்பு புடிச்சதை உன் தலையில கட்டப் பாத்திருக்கான்."

வசந்தகுமார் போர்டை வெளிச்சத்தில் பிடித்தான். முடி போல ஓடியிருக்க வேண்டிய செப்புக் கோடுகளில் பாதி இல்லை.

"யாருப்பா உங்களைத் தொடச் சொன்னா?"

"ஏண்டா, எத்தனை எஞ்சின் பிரிச்சவன் நான்! இது என்ன பிரமாதம்?"

ஒரு வாரம் மெல்லிய கம்பி வைத்து ஒட்டிப் பார்த்தான். உயிர் வரவில்லை.

"உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர்ல அந்த கேமை அப்படியே ஓட்டலாம்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் மனைவி சுவேதா.

"அது போலிடி."

"நீங்க வாந்தி எடுக்கிறது மட்டும் ஒரிஜினலாக்கும்!"

அந்தச் சின்னக் கம்ப்யூட்டரையே பெட்டிக்குள் மாட்டினான். மறைக்காமல் இப்ராஹிமிடம் சொல்லவும் செய்தான். அவர் முக்கால் மணி நேரம் நகராமல் விளையாடினார்.

"ஒரு வித்தியாசமும் தெரியலையே! கெட்டுப்போனா?"

"மெமரி கார்டை மாத்தினா போதும், பாய்."

"அதை யாரு மாத்துறது?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"யாரு வேணாலும் மாத்தலாம்."

"அப்ப மத்த பதினொண்ணுக்கும் இதையே மாட்டிக் குடுத்துடுங்க. அதுக்கான கூலியை வாங்கிக்குங்க. தனியா ஒரு ஆள் எதுக்கு? ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணே பாத்துக்கும்."

"ஒரிஜினல்தான் வேணும்னீங்களே?"

"வர்றவங்க பின்னாடி திறந்தா பாக்கப்போறாங்க?"

வீட்டில் அப்பா வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

"வேலை இல்லைன்னுட்டாரு" என்றான்.

காயாரோகணம் வலையைக் கீழே வைத்தார். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தான்.

"போனா போவுது. அடுத்தவன்கிட்ட கைகட்டி நிக்கணுமா? நமக்குன்னு படகு இருக்கு."

அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவர் மறைக்கக்கூட முயலவில்லை. போர்டைத் தெரியாமல்தான் கெடுத்தீர்களா என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. விடிவதற்குள் இருவரும் ஒரே படகில் போயாக வேண்டும்.