லைசென்ஸ் உள்ள செடிகளைக் காணவில்லை

பெரியவர்கள் கஞ்சா புகைக்கலாம், லைசென்ஸ் வாங்கினால் வளர்த்து விற்கவும் செய்யலாம் என்று கலிபோர்னியாவில் சட்டம் வந்தபோது, எங்கள் ஹம்போல்ட் மலையில் பலருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அரசாங்க வண்டி வந்தால் செடியை ஒளிப்பது எங்களுக்குக் கண் இமைப்பது மாதிரி. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்கூட அந்த நேரத்தில் ஓடிவந்து ஒரு தொட்டியைத் தூக்குவார்கள். இமைப்பதை யாராவது சட்டம் போட்டு நிறுத்த முடியுமா?

முதலில் லைசென்ஸ் வாங்கியவன் வெண்டெல் கிராட்ஸ். அரசாங்கம் கொடுத்த எண் வில்லையை ஒவ்வொரு செடியிலும் கட்டி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைப்போல் வரிசையாக நிறுத்தியிருந்தான். சோதனைக்கு மிஸ் ஹாலோரன் என்ற அதிகாரி வந்தார். அவருடைய வெள்ளைக் கார் பாலத்தைத் தாண்டியதுமே நாங்கள் செய்யவேண்டியதைச் செய்துவிட்டோம். அவர் தோட்டத்துக்குள் நுழைந்தபோது அங்கே ஒரு கோழி நின்றது.

"செடியெல்லாம் எங்க?"

"காலையில இருந்துச்சு மேடம்."

"கணக்குல இருக்கிற செடி தோட்டத்துல இல்லன்னா, கள்ளத்தனமா வித்துட்டீங்கன்னுதான் அர்த்தம். லைசென்ஸ் ரத்தாயிடும்."

வெண்டெல் வேலியோரம் ஓடினான். அங்கே நானும் பக்கத்துத் தோட்டக்காரி லோர்னாவும் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"லோர்னா, உன் கால்ல விழறேன், எங்க வச்சீங்கன்னு சொல்லிடு!"

லோர்னா அதிகாரியைப் பார்த்துப் புன்னகைத்தாள். "கஞ்சாவா? அது மரமா கொடியா மேடம்?"

"உண்மையச் சொல்லித் தொலையேன்டீ!"

"பாவம், நல்லா மிரட்டி வச்சிருக்காங்க போல" என்று அவள் என் காதில் சொன்னாள். அவன் கெஞ்சக் கெஞ்ச எங்கள் வாய் இன்னும் இறுகியது.

மாலைவரை அவகாசம் கொடுத்துவிட்டு மிஸ் ஹாலோரன் போனார். கார் மறைந்ததும் செடிகள் திரும்பி வந்தன. தண்ணீர்கூட ஊற்றியிருந்தோம். வெண்டெல் போன் போட்டான். அவர் பறந்து வந்தார். கோழி நின்றது.

கடைசியில் வெண்டெல் அவரைப் பாலத்துக்கு அந்தப் பக்கமே மடக்கினான். "மேடம், நீங்க சட்டப்படி வந்தா வேலைக்காகாது. திருட்டுத்தனமா வாங்க."

அவன் மனைவியின் ரப்பர் பூட்ஸையும் வைக்கோல் தொப்பியையும் மாட்டிக்கொண்டு, அவர் ஓடை வழியாக ஏறி வந்தார். வழியில் வழுக்கி விழுந்ததும் நல்லதாயிற்று. சேறு பூசிவிட்டால் அரசாங்கமும் மனுஷர் மாதிரிதான் இருக்கும். அதற்குள் ஆளில்லாமல் நின்ற வெள்ளைக் காரை யாரோ பார்த்துவிட, தொட்டிகளைக் கைமாற்றிக் கடத்த மலையே வரிசைகட்டி நின்றது.

"ஏய் புதுப்பொண்ணு, என்ன வேடிக்கை? இன்ஸ்பெக்டர் வர்றாளாம், பிடி!" என்று லோர்னா ஒரு தொட்டியை அவர் கையில் திணித்தாள். அவர் வில்லையைப் படித்துவிட்டு என்னிடம் தள்ளினார். அடுத்தது. அதற்கடுத்தது.

"கொஞ்சம் மெதுவா குடுங்க, நம்பர் தெரியல."

"நம்பர் பாக்கிற நேரமாடீ இது? அந்தம்மா கண்ணுல ஒண்ணு பட்டாலும் வெண்டெலோட லைசென்ஸ் போயிடும்!"

கடைசித் தொட்டி லோர்னாவின் கையில் இருந்தபோது, மிஸ் ஹாலோரன் தொப்பியைக் கழற்றினார். தலைக்குமேல் வளர்ந்து மணத்துக்கொண்டிருந்த செடியை லோர்னா மார்போடு அணைத்தாள்.

"இது தக்காளி" என்றாள்.

அவர் குனிந்து அதன் வில்லையைப் படித்தார்.

"இந்தத் தக்காளியோட சேர்த்து எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு, லைசென்ஸில் கையெழுத்துப் போட வெண்டெலிடம் பேனா கேட்டார்.