சஹனில் அவள் பக்கம்

பக்கத்தில் யாராவது சாப்பிட்டால் ரமீஜாவுக்கு அடிவயிறு புரளும். விரலிடுக்கில் வழியும் குழம்பு, பல்லில் சிக்கியதைத் துழாவும் நாக்கு, விழுங்கும்போது எழும்பி இறங்கும் தொண்டை எல்லாம் அவள் கண்ணுக்குப் பூதக்கண்ணாடி வைத்ததுபோலத் தெரியும். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்தது சஹன் வைத்துச் சாப்பிடும் குடும்பம். விருந்தென்றால் ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்காருவார்கள். பெரியவர்கள் நல்ல கறியாகப் பார்த்துப் பிய்த்து இளையவர்கள் பக்கம் தள்ளுவார்கள். பாசம் என்றால் அங்கே அதுதான்.

போன பெருநாளில் மாமியார் நூர்பானு விரலைச் சூப்பிவிட்டு, அதே விரலால் ஒரு துண்டு ஈரலை அவள் பக்கம் தள்ளினார். அந்த ஈரத்தின் மினுமினுப்பைத்தான் ரமீஜா பார்த்தாள். மறுகணம் அவள் தள்ளிய வேகத்தில் சஹன் கவிழ்ந்துகிடந்தது. பக்கத்திலிருந்த சால்னாச் சட்டி உருண்டு, ஆறு வயது அஃப்ராவின் முழங்கையில் கொதிக்கக் கொதிக்கக் கொட்டியது. அன்றிலிருந்து மகள் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமியாரோடு இருந்தாள். ரமீஜாவும் கணவன் அன்சாரும் ராஜபாளையத்தில். ஒரு விருந்திலாவது சண்டையில்லாமல் உட்கார்ந்து எழுந்திரு, பிறகு பிள்ளையைக் கூட்டிக்கொள்ளலாம் என்று அன்சார் சொல்லிவிட்டான்.

ராஜபாளையத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் ஆலோசகர் கோதைநாயகி இருந்தாள். டி.பி.டி. என்று மூன்றெழுத்தில் ஒரு சிகிச்சை. தாங்கமுடியாத உணர்ச்சியோடு இருந்துகொண்டே உருப்படியாக நடந்துகொள்ளப் பழக்குவது. உணர்ச்சி தலைக்கேறும்போது முகத்தில் குளிர்ந்த தண்ணீர், இழுத்ததைவிட நீளமாக விடுகிற மூச்சு, வந்திருப்பது என்ன உணர்ச்சி என்று பெயர் சொல்வது. அப்புறம், அருவருப்பு விலகு என்றால் விலகாமல் கிட்டப் போவது. ரமீஜா வீட்டில் பழகினாள். அன்சார் குடித்த டம்ளரில் மிச்சத்தைக் குடித்தாள். முதல் நாள் வாந்தி எடுத்தாள். போகப் போக வாந்தி நின்றது, குமட்டல் நிற்கவில்லை. எதையும் விழுங்கக் கற்றுக்கொண்டால் குணமாகிவிட்டதாக அர்த்தம் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். கோதைநாயகி அதை மறுத்திருந்தாள். விஷமிருந்தால், நோய் ஒட்டுமென்றால், ஒருவர் உன்னைக் கேவலப்படுத்தினால், அருவருப்பு சொல்வது சரிதான், அப்போது அதைக் கேள் என்றாள். ரமீஜா அதைக் காதில் வாங்கவில்லை. அவளுக்குப் பிள்ளை வேண்டும்.

நாத்தனார் பர்வீனின் மகனுக்குச் சுன்னத் விருந்து வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் பெண்கள் கூடம் நெய்யும் வியர்வையுமாக நாறியது. ரமீஜா புழக்கடைக் குழாயில் முகத்தை இரண்டுமுறை நனைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் சஹனில் மாமியார், பர்வீன், கான்சாபுரத்திலிருந்து வந்த ஓர் உறவுக்காரி. அஃப்ரா சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நூர்பானு கறியைப் பிய்த்து, தயங்கி, பாதி வழியில் கையை நிறுத்தினார். அந்தத் தயக்கத்தைப் பார்த்ததும் ரமீஜாவுக்கு வெட்கமாக இருந்தது. அருவருப்பு வந்திருக்கிறது என்று மனசுக்குள் பெயர் சொன்னாள். விஷமில்லை, நோயில்லை, கேவலமுமில்லை. தானே கை நீட்டி அந்தத் துண்டை எடுத்து வாயில் போட்டாள். உமிழ்நீர் புளித்தது. விழுங்கினாள்.

பர்வீன் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லி எலும்பு ஒன்றை எடுத்து உறிஞ்சி, இன்னொருமுறை சத்தம் வர உறிஞ்சி, எச்சில் நூலோடு ரமீஜாவின் சோற்றின்மேல் வைத்தாள்.

"இதையும் உறிஞ்சு பாப்போம் ஏட்டி. டாக்டரம்மா எம்புட்டு தூரம் பழக்கியிருக்கான்னு தெரியணும்ல."

உறவுக்காரி சிரித்தாள். அடுத்த சஹனிலும் சிரித்தார்கள்.

எலும்பின் ஓட்டையில் நுரை நின்றது. ரமீஜாவின் கை சஹனின் விளிம்புக்குப் போய்விட்டது. கவிழ்த்தால் பிள்ளை போய்விடும். தின்றால் பிள்ளை கிடைக்கும். குனிந்து எலும்பைத் தொட்டேவிட்டாள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. குமட்டல் எலும்பைப் பார்த்து வரவில்லை, அந்தச் சிரிப்பைக் கேட்டு வந்திருந்தது. மூச்சை நீளமாக விட்டாள். எலும்பை இரண்டு விரலால் எடுத்துக் கழிவுத்தட்டில் வைத்தாள். அது பட்ட சோற்றையும் ஒதுக்கினாள்.

"மாமி தந்தா திம்பேன், மைனி. இத திங்க மாட்டேன்," என்றாள். குரல் உயரவில்லை. "பிள்ளை பாத்துக்கிட்டு நிக்கிது. வேற பேசுவோம்."

மறுபடி அதே சஹனில் கைவைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். அதுதான் கஷ்டமாக இருந்தது. கோபித்து எழுந்துபோவது எவ்வளவோ சுலபம். பர்வீன் ஏதோ முனகினாள். கவுன்சிலிங் போயும் வாய் குறையலையே என்றாள். நூர்பானு மகளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பேசாம தின்னு," என்றார்.

அஃப்ரா சுவரை விட்டு நகர்ந்து வந்தாள். அம்மாவின் தொடையை ஒட்டி உட்கார்ந்தாள். முழங்கையில் தழும்பு வெள்ளையாகச் சுருங்கியிருந்தது. சளி ஒழுகிய மூக்கைப் புறங்கையால் துடைத்துவிட்டு, அந்தக் கையை அப்படியே அம்மாவின் சோற்றில் விட்டுப் பிசைந்தாள்.

ரமீஜாவுக்குக் குடல் வாய்வரை வந்தது. பெற்ற பிள்ளைமேலேயே வருகிற இந்த அருவருப்பைத்தான் அவள் யாரிடமும் சொன்னதில்லை. முந்தானையால் பிள்ளையின் மூக்கையும் கையையும் துடைத்துவிட்டாள். பிறகு அதே சோற்றிலிருந்து ஒரு கவளம் எடுத்தாள். பிடிக்கவில்லை. மென்றாள்.

"பஸ்ல சன்னல் சீட்டு எனக்குத்தான்," என்றாள் அஃப்ரா, வாய் நிறையச் சோற்றோடு.

நூர்பானு மறுக்கவில்லை. பிள்ளையின் சட்டைகள் கொடியில் காய்கின்றன, மறக்காமல் எடுத்துக்கொண்டு போ என்றார்.