ஏரிக்குச் சுவர் கிடையாது

என் மனைவி நீச்சல் டீச்சர். அதனால் எனக்கும் நீச்சல் அத்துப்படி என்று தெருவில் எல்லோரும் நம்புகிறார்கள். நானும் மறுத்ததில்லை. நகராட்சி நீச்சல் குளத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போவேன், அங்கே கொஞ்ச நேரம் தொங்கிக்கொண்டு பக்கத்தில் இருப்பவர்களிடம் நலம் விசாரிப்பேன், திரும்பி வருவேன். அதையும் நீச்சல் என்றுதானே சொல்ல வேண்டும்? மற்றபடி நான் பேக்கரிக்காரன். ஊர் தூங்கும்போது மாவு பிசைவேன், ஊர் வேலைக்குக் கிளம்பும்போது படுப்பேன்.

இந்த லட்சணத்தில் நான் டிரையத்லானில் இறங்கியதற்குக் காரணம் என் வாய்தான். ஏரியில் நீந்தி, கரையேறி சைக்கிள் மிதித்து, கடைசியில் ஓடி முடிக்கும் போட்டி அது. என் மனைவிக்குப் பல வருட ஆசை. ஒவ்வொரு வருடமும் ஏதாவது குறுக்கே வரும்: பிள்ளைகளின் பரீட்சை, என் காய்ச்சல், கடையில் அடுப்பு வெடித்தது. இந்த வருடத்தை விட்டால் இனி இல்லை. போட்டி முடிந்த மறுவாரம் அவளுக்கு முழங்கால் ஆபரேஷன். அதன் பிறகு நடக்கலாம், நீந்தலாம், ஓட்டத்தை மட்டும் மறந்துவிடுங்கள் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அதற்கு முன் ஒரே ஒரு முறை ஓட அரை மனதோடு அனுமதி தந்திருந்தார்.

தனியாள் பிரிவில் இடம் கிடைக்காமல், அவள் தன் தோழியோடு ஜோடிப் பிரிவில் பெயர் கொடுத்திருந்தாள். ஜோடியில் இருவரும் மூன்றையும் செய்ய வேண்டும். கடைசிக் கோட்டைச் சேர்ந்து தாண்ட வேண்டும். ஒருவர் நின்றுவிட்டால் இரண்டு பேருக்கும் கணக்கில்லை. பதினொரு மணிக்குள் தாண்டாவிட்டாலும் கணக்கில்லை. போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது தோழி படிக்கட்டில் தவறி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள்.

அன்று சாப்பாட்டு மேஜையில் என் மனைவி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"நான் வர்றேன்" என்றேன்.

"எங்கே?"

"போட்டிக்குத்தான். நம்மளும் ஜோடிதானே?"

சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்த என் மைத்துனன் சிரித்த சிரிப்பில் தலை தொட்டியில் போய் இடித்தது. அவன் பிளம்பர். "மாமா, மிதக்கறதுக்குத் தேவையான உடம்பு உங்ககிட்ட இருக்கு, ஒத்துக்கறேன். மிச்சத்துக்கு என்ன பண்ணுவீங்க?"

அவள் சிரிக்கவில்லை. "நிஜமாவாங்க?" என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு சொன்ன வார்த்தையை எப்படித் திரும்பப் பெறுவது?

முதல் வாரம் ஜோராகப் பயிற்சி செய்தேன். இரண்டாவது வாரமும் மோசமில்லை. அப்புறம்தான் என் தொழில் புத்தி வேலை செய்தது. பிசைந்த மாவை உடனே அடுப்பில் வைத்தால் ரொட்டி கல்லாகிவிடும். மூடி வைத்து, தொடாமல் விட வேண்டும், அப்போதுதான் உப்பும். உடம்பும் அப்படித்தானே? ஆகவே மீதி நாள் முழுவதும் நான் தொடாமல் விடப்பட்டேன். "பிராக்டிஸ் போகலையா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் "ஊறிக்கிட்டிருக்கேன்" என்பேன். உப்பியது உண்மைதான், வயிறு மட்டும்.

போட்டியன்று காலை எட்டு மணிக்கு ஏரியில் இறங்கினோம். முதல் பாடம் உடனே கிடைத்தது: ஏரிக்குச் சுவர் கிடையாது. வழக்கமாகச் சுவர் வரவேண்டிய இடத்தில் கையை நீட்டினேன், தண்ணீர்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் போய் நீட்டினேன், அங்கேயும் தண்ணீர். நல்லவேளை, காவல் படகைப் பிடித்து ஓய்வெடுக்கலாம், படகு நகராதவரை தப்பில்லை என்று விதியில் இருந்தது. நான் அந்த விதியை மனதார மதித்தேன். படகுக்காரருக்கு நான்காம் முறை பொறுமை போய்விட்டது.

"என்னங்க, இது என்ன பஸ் ஸ்டாப்பா?"

"அடுத்த ஸ்டாப் கரைதாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி தண்ணீரில் விழுந்தேன்.

என் மனைவி எப்போதோ கரையேறி, சைக்கிளைப் பிடித்தபடி குதித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கட்டத்திலும் எனக்காகக் காத்திருப்பது என்று அவளே முடிவு செய்திருந்தாள். நான் தவழ்ந்து வந்ததைப் பார்த்து, "வந்துட்டீங்க! வந்துட்டீங்க!" என்று கைதட்டினாள். ஏதோ நான் கடலைத் தாண்டி வந்தவன் போல. எனக்கே கொஞ்சம் பெருமையாகிவிட்டது. அந்தப் பெருமையில் ரப்பர் தொப்பியைக் கழற்றாமல் அதன்மேலேயே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

என் சைக்கிள், ரொட்டி கொண்டுபோகும் சைக்கிள். பெட்டியை மட்டும் கழற்றியிருந்தேன். மேடு ஏறும்போது நாக்குத் தள்ளியது, அதைக்கூடச் சமாளித்துவிட்டேன். சமதரையில்தான் ஆபத்து காத்திருந்தது. இளவெயில், இதமான காற்று, கடிகாரத்தில் என் படுக்கை நேரம். கண் சொக்கியது. இருபது வருடப் பழக்கம் போட்டியென்று பார்க்குமா? முன்னால் போய்க்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்து, வேகத்தைக் குறைத்துப் பக்கத்தில் வந்தாள்.

"தூங்கறீங்களா?"

"இல்லையே, யோசிக்கிறேன்."

"கண்ணை மூடிக்கிட்டா? நேத்து பாத்ரூம் லைட்டை யார் அணைக்காம விட்டது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் இல்லை, உன் தம்பிதான் என்றேன். அவள் விடவில்லை. சைக்கிள் தூரம் முழுவதும் சண்டை போட்டுக்கொண்டே போனோம். தூக்கம் போன இடம் தெரியவில்லை. எங்களைத் தாண்டிப் போன இளம் ஜோடி ஒன்று பயந்துபோய் வேகமாக மிதித்தது.

ஓட்டத்துக்கு இறங்கியபோது என் கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. இடது தொடையில் நரம்பு இழுத்துக்கொண்டது. எங்களுக்குப் பின்னால் விசில் மாட்டிய ஒரு அம்மா மட்டும் ஸ்கூட்டரில் உருண்டு வந்தார். கடைசி ஆளுக்குப் பின்னால் வருவது அவர் வேலை. 'என்னால் முடியவில்லை' என்று எப்படிச் சொல்வது, எந்த மரத்தடியில் நின்று சொல்வது என்று நான் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓடினேன். சொன்னால் அவளுக்கும் போய்விடும் என்பது தெரியும். அதனால் அடுத்த மரம், அடுத்த மரம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

திடீரென்று எனக்கு முன்னால் அவள் நின்றாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால முடியலங்க" என்றாள்.

அது நான் சொல்ல வேண்டிய வாக்கியம். மரத்துக்கு மரம் ஒத்திகை பார்த்தது. அவள் முந்திக்கொண்டுவிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து அதை நான் கேட்டதே இல்லை. இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தைச் சொல்ல முடியாது என்று மட்டும் எனக்கு அந்த இடத்தில் உறைத்தது.

"டாக்டர் ஓட்டத்தைத்தான் மறக்கச் சொன்னார். நடக்க வேணாம்னு சொல்லலையே. எழுந்திரு."

"நேரம் ஆயிடும்."

"நேரத்தை நான் பாத்துக்கறேன். ரொட்டி கருகாம எடுக்கறவன் நான்." எனக்கு நேரம் ஒன்றும் தெரியாது. கடிகாரத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஸ்கூட்டர் அம்மாவிடம் திரும்பி, கைத்தாங்கலாகப் போகலாமா என்று கேட்டேன். "ஜோடிக்குள்ள தாராளமா போகலாம். சீக்கிரம் போங்க, என் கண்ணே கலங்குது" என்றார்.

அவள் கையை என் தோளில் போட்டுக்கொண்டு நடந்தோம். அவளுக்கு வலது கால் உதவாது, எனக்கு இடது கால் உதவாது. இரண்டு பேரிடமும் சேர்த்து நல்ல கால்கள் இரண்டு இருந்தன, அது போதுமாக இருந்தது. கொஞ்ச தூரத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ஹெல்மெட்டைக் கழட்டினீங்க, அந்தத் தொப்பியைக் கழட்டலையா?" என்றாள். தலையைத் தொட்டுப் பார்த்தேன். மானம் கப்பலேறிவிட்டது. அவள் சிரிக்க, எனக்கும் சிரிப்பு பற்றிக்கொண்டது. சிரித்தால் நடக்க முடியவில்லை. "சிரிக்காதே, நேரமாகுது" என்று ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டே வளைவில் திரும்பினோம்.

கோடு தெரிந்தது. மைத்துனன் தடுப்புக் கம்பிமேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினான். "வா அக்கா! மாமா, விட்டுடாதீங்க! இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு!" முகம் தெரியாத ஜனமெல்லாம் கைதட்டியது. எனக்கு அழுகை முட்டியது. அழவும் தெம்பில்லை.

கோட்டுக்கு ஒரு அடி இருக்கும்போது அவள் நின்றுவிட்டாள்.

"என்ன? வலிக்குதா?" எனக்கு உயிரே போய்விட்டது.

"இல்லங்க. கொஞ்சம் நில்லுங்க. நேரம் இருக்குன்னு சொல்றானே."

"எதுக்கு?"

"இதைத் தாண்டிட்டா முடிஞ்சுடும்ல?"

காலையிலிருந்து எப்போது முடியும், எப்போது முடியும் என்று ஏங்கிக்கொண்டிருந்தவன் நான். நானும் நின்றேன். அவள் ஏரியைப் பார்த்தாள், வந்த சாலையைப் பார்த்தாள், கத்துகிற ஜனத்தைப் பார்த்தாள். வியர்வை வழிகிற அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எங்கும் கண்டதில்லை. மைத்துனன் பைத்தியம் பிடித்தவன் போல, "தாண்டு அக்கா, தாண்டு!" என்று கம்பியில் குதித்தான். ஸ்கூட்டர் அம்மாவும் 'போங்க, போங்க' என்று கையை வீசி விசிலை ஊதினார். நான் அவளை அவசரப்படுத்தவில்லை.

"சரி, வாங்க" என்று அவளே என் கையைப் பிடித்தாள். "பசிக்குது."